டயாலிசிஸில் இருக்கும் ஆணுக்கு டெஸ்டோஸ்டீரோன் ஏன் குறைகிறது, என்ன செய்யலாம்?

கேட்கப்பட்டது இது: கணவருக்கு வயது 36. இரண்டு ஆண்டுகளாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ். சில மாதங்களாகத் தாம்பத்தியத்தில் நாட்டமே இல்லை. மார்பு லேசாக வீங்கி, தொட்டால் வலிக்கிறது. எந்நேரமும் சோர்வு. ரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டீரோன் 190, புரோலாக்டின் 48 என்று வந்திருக்கிறது. "கிட்னி கெட்டதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? என் மேல் பிரியம் குறைந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. ஹார்மோன் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். போடலாமா? எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை."

அம்மா, கடைசியில் சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருக்கும்வரை அந்த ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டாம். அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடியது. ஏன் என்று கீழே விவரமாகச் சொல்கிறேன். இன்னொன்று, உங்கள் மேல் அவருக்குள்ள பிரியத்துக்கும் இந்த 190க்கும் தொடர்பு இல்லை. நாட்டம் என்பது மனதில் மட்டும் பிறப்பதில்லை, அதற்கு ரத்தத்தில் ஓரளவு டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோன் இருந்தாக வேண்டும். இந்த ரிப்போர்ட்டின்படி அவரிடம் அது குறைவு. டயாலிசிஸில் இருக்கும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதே நிலைதான். பெரும்பாலானவர்கள் வாய் திறந்து சொல்வதில்லை, மருத்துவர்களும் பொட்டாசியம், பாஸ்பரஸ், ஹீமோகுளோபின் என்று பார்த்துவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிடுகிறோம். நீங்கள் கேட்டது நல்லது.

முதலில் ஒழுங்காக நடக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். விரைகளுக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. மெல்லிய சுருள் குழாய்களுக்குள் விந்தணு உருவாகிறது. அந்தக் குழாய்களுக்கு இடையிலுள்ள இடைவெளியில் லேடிக் செல்கள் என்று ஒரு வகை செல்கள் இருக்கின்றன. 1850இல் ஃபிரான்ஸ் லேடிக் என்ற ஜெர்மானியர் விவரித்ததால் அந்தப் பெயர். கொலஸ்ட்ராலை எடுத்துப் படிப்படியாக டெஸ்டோஸ்டீரோனாக மாற்றுவது இவற்றின் வேலை. ஆரோக்கியமான ஆணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 5 முதல் 7 மில்லிகிராம் சுரக்கிறது. அவ்வளவுதான், ஆனால் தசை, எலும்பு, ரத்தம், மனநிலை, நாட்டம் எல்லாம் அந்தச் சில மில்லிகிராமை நம்பி இருக்கின்றன.

லேடிக் செல்கள் தாமாக வேலை செய்வதில்லை, மேலிருந்து உத்தரவு வர வேண்டும். மூளையின் அடியில் உள்ள ஹைபோதலாமஸ் ஏறக்குறைய ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஹார்மோனைத் துடிப்பாக விடுகிறது. அதைக் கேட்டு பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. எல்.எச். லேடிக் செல்லைத் தட்டி எழுப்புகிறது, எஃப்.எஸ்.எச். விந்தணுவை வளர்க்கும் செர்டோலி செல்களைத் தூண்டுகிறது. டெஸ்டோஸ்டீரோன் போதுமான அளவு சேர்ந்ததும் அதுவே மேலே போய் "போதும்" என்று சொல்லும். வீட்டு மாடித் தொட்டி நிரம்பியதும் மிதவை மோட்டாரை நிறுத்துவது போல. இந்த ஏற்பாட்டில் உத்தரவின் அளவைவிட அதன் துடிப்புதான் முக்கியம். ஒரே சீராகக் கசிந்தால் பிட்யூட்டரி கேட்பதை நிறுத்திவிடும்.

சிறுநீரகம் செயலிழக்கும்போது இந்தச் சங்கிலி ஓரிடத்தில் மட்டும் அறுவதில்லை. மேலேயும் கீழேயும் ஒரே நேரத்தில் பழுதாகிறது. இது எப்படித் தெரிந்தது என்பது எனக்கு எப்போதும் சுவாரசியமான விஷயம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

விரை மட்டும் கெட்டிருந்தால், உதாரணமாகப் பெரியவர்களுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து விரை சுருங்கிப்போனால், டெஸ்டோஸ்டீரோன் விழும், அதைப் பார்த்து பிட்யூட்டரி பதறி எல்.எச்.சைப் பல மடங்கு கூட்டும். பிட்யூட்டரி மட்டும் கெட்டிருந்தால் இரண்டுமே தாழ்ந்திருக்கும். சிறுநீரக நோயாளிகளின் ரத்தத்தில் இந்த இரண்டு படமும் இல்லை. டெஸ்டோஸ்டீரோன் குறைவு, எல்.எச். கொஞ்சம் உயர்வு. அந்தக் கொஞ்சமும்கூட முழுக்க உண்மையான உயர்வு இல்லை. எல்.எச்.சை ரத்தத்திலிருந்து அகற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பங்கு உண்டு. அது வேலை செய்யாததால் பழைய எல்.எச். ரத்தத்திலேயே தங்கிப் போகிறது. ரிப்போர்ட்டில் எண் பெரிதாகத் தெரியும், புதிதாக வரும் உத்தரவு பலவீனமாக இருக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து வரைபடம் போட்டுப் பார்த்தபோது, துடிப்பு வருகிறது, ஆனால் ஒவ்வொரு துடிப்பின் உயரமும் குறைந்திருக்கிறது என்று தெரிந்தது.

அப்படியென்றால் பிட்யூட்டரியில் சரக்கே இல்லையா? 1970களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் செயலிழந்த ஆண்களுக்கு குளோமிஃபீன் என்ற மாத்திரையைக் கொடுத்தார்கள். அது டெஸ்டோஸ்டீரோனிலிருந்து உண்டாகும் ஈஸ்ட்ரோஜனை மூளையின் கண்ணிலிருந்து மறைத்து, "ஹார்மோன் போதவில்லை" என்று நினைக்க வைக்கும். எல்.எச். ஏறியது, அதன் பின்னால் டெஸ்டோஸ்டீரோனும் ஏறியது. ஆக பிட்யூட்டரியில் சரக்கு இருக்கிறது, அதை எடுத்துக் கொடு என்று சொல்ல வேண்டிய ஹைபோதலாமஸ்தான் மந்தமாகிவிட்டது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகள் தேங்குவதும், நாள்பட்ட அழற்சியும், ஊட்டக்குறைவும் அதை மந்தப்படுத்துகின்றன.

கீழே விரையிலும் சிக்கல் இருக்கிறது. எல்.எச். போலவே வேலை செய்யும் எச்.சி.ஜி. ஊசியைப் போட்டால், ஆரோக்கியமானவருக்கு டெஸ்டோஸ்டீரோன் மளமளவென்று ஏறும். இவர்களுக்கு மெதுவாக, குறைவாக ஏறுகிறது. உத்தரவை நேரடியாகக் கொடுத்தும் லேடிக் செல் முழுதாகக் கேட்கவில்லை. 1997இல் சிறுநீரகச் செயலிழப்புள்ள சிறுவர்களை வைத்து வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தந்தது. அவர்களுடைய ரத்தத்திலேயே, எல்.எச். போய் உட்கார வேண்டிய ஏற்பியைத் தடுக்கும் ஏதோ ஒரு பொருள் சுற்றிக்கொண்டிருக்கிறது. எல்.எச். வாசல்வரை வந்தும் உள்ளே அதன் குரல் கேட்பதில்லை. இத்தனை தடைக்குப் பிறகும் ஓரளவு சுரக்கிறதே, அது லேடிக் செல்கள் இன்னும் உயிரோடு இருப்பதற்குச் சான்று. உங்கள் கணவர் விஷயத்தில் நான் நம்பிக்கையோடு பேசுவதற்கு முதல் காரணம் இதுதான்.

சரி, அந்தப் புரோலாக்டின் 48 என்ன? ஆண்களுக்கு இது பொதுவாக 15, 20க்குள் இருக்கும். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன், ஆணுக்குச் சொற்பம் போதும். சிறுநீரகம் கெட்டால் இதுவும் ரத்தத்திலிருந்து சரியாக வெளியேறாது. போதாததற்கு, மூளையில் சுரக்கும் டோபமின் போடும் கடிவாளத்தையும் மீறி பிட்யூட்டரி இதை அதிகமாகச் சுரக்கிறது. புரோலாக்டின் கூடினால் ஹைபோதலாமஸின் துடிப்பு இன்னும் அடங்கும், நாட்டம் இன்னும் குறையும். 48 என்பது சிறுநீரக நோயில் சாதாரணமாகப் பார்க்கும் அளவுதான், மூளைக் கட்டியோ என்று பயப்பட வேண்டாம். நூறுகளில் போனால், அல்லது தலைவலியோ பார்வைக் குறைவோ சேர்ந்தால், அப்போது ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள்.

இந்த இடத்தில் மாத்திரைப் பட்டியலைக் கையில் எடுங்கள். குமட்டலுக்கு, வயிறு உப்புசத்துக்கு என்று மெட்டோகுளோபிரமைடு அல்லது டோம்பெரிடோன் போய்க்கொண்டிருக்கிறதா? இரண்டுமே புரோலாக்டினைக் கூட்டும். நம்மூரில் அசிடிட்டி மாத்திரையிலேயே டோம்பெரிடோன் சேர்ந்து வருகிறது, பெயருக்குப் பின்னால் 'டி' என்று இருக்கும், மாதக்கணக்காக யாரும் கவனிக்காமல் விழுங்கிக்கொண்டிருப்பார்கள். இதயத்துக்காக ஸ்பைரனோலாக்டோன் கொடுத்திருந்தால் அது டெஸ்டோஸ்டீரோனின் வேலையைத் தடுக்கும், மார்பு வீக்கத்தையும் கொண்டுவரும். மனநோய்க்கான சில மாத்திரைகள், நீண்டகால ஸ்டீராய்டு ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பட்டியலை அப்படியே சிறுநீரக மருத்துவரிடம் (நெஃப்ராலஜிஸ்ட்) நீட்டி, "இதில் புரோலாக்டினைக் கூட்டுவது எது, மாற்ற முடியுமா?" என்று கேளுங்கள். ஊசியும் செலவும் இல்லாமல் பாதி வழி கடந்துவிடக்கூடிய இடம் இது.

மார்பு வீக்கம் டயாலிசிஸ் ஆரம்பித்த முதல் ஆண்டில் பலருக்கு வரும். நீண்ட நாள் பசியும் ஊட்டக்குறைவுமாக இருந்தவர் மறுபடி சாப்பிடத் தொடங்கும்போது ஹார்மோன் அச்சு (மூளையிலிருந்து விரைவரை மேலே சொன்ன சங்கிலி) விழித்துக்கொள்வதால் வருவது அது, சில மாதங்களில் தானே அடங்கும். இரண்டு ஆண்டு கழித்து வந்திருப்பதால் உங்கள் கணவருக்கு மருந்தையும் புரோலாக்டினையும்தான் முதலில் சந்தேகிப்பேன். ஒரு பக்கம் மட்டும் கெட்டியான கட்டியாகத் தட்டுப்பட்டால் மட்டும் தாமதிக்காமல் அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்த 190 எப்போது எடுத்த ரத்தம்? இதை எல்லோரிடமும் கேட்பேன். டெஸ்டோஸ்டீரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், மாலையில் இறங்கும். டயாலிசிஸ் நோயாளிக்குப் பரிசோதனைக்கான ரத்தத்தையெல்லாம் மெஷினில் போடும்போது ஊசி வழியாகவே எடுத்துவிடுவார்கள். அவர் மூன்றாவது ஷிஃப்ட் என்றால் அது மாலை 4 மணி ரத்தம். காய்ச்சலோ தொற்றோ இருந்த வாரத்தில் எடுத்தாலும் தாழ்ந்தே வரும். ஆகவே உடம்பு சரியாக இருக்கும் ஒரு வாரத்தில், காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில் எடுத்து, அதையும் இன்னொரு நாள் திரும்பப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். இரண்டு முறையும் 300க்குக் கீழே இருந்தால் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். கூடவே எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின், தைராய்டு, அல்புமின் எல்லாம் ஒரே குழாய் ரத்தத்தில் பார்த்துவிடலாம். சிறுநீரில் புரதம் நிறையப் போகும் நோயாளியிடம், டெஸ்டோஸ்டீரோனைச் சுமக்கும் புரதமும் சேர்ந்து போய்விடுவதால் மொத்த அளவு ஏமாற்றும், அவர்களுக்குத் தனித்திருக்கும் டெஸ்டோஸ்டீரோனையும் கணக்கிட வேண்டும்.

டெஸ்டோஸ்டீரோன் குறைவு படுக்கையறையோடு நிற்பதில்லை. எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊற அது உதவுகிறது. 1989இல், ரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபாய்ட்டின் ஊசி அமெரிக்காவில் அனுமதி பெறுவதற்கு முன்பு, டயாலிசிஸ் நோயாளிகளின் ரத்தசோகைக்கு நாண்ட்ரலோன் போன்ற ஆண் ஹார்மோன் வகை ஊசியைத்தான் போட்டார்கள். எரித்ரோபாய்ட்டின் போட்டும் ஹீமோகுளோபின் ஏறாமல் அடம்பிடிக்கும் ஆண்களிடம் இரும்புச் சத்தைப் பார்த்த கையோடு டெஸ்டோஸ்டீரோனையும் பார்க்கலாம். தசையும் கரையும். தசை கரைந்தால் கிரியேட்டினின் குறைந்து காட்டும். "போன மாதம் 11, இந்த மாதம் 8, குறைந்துவிட்டது" என்று குடும்பமே சந்தோஷப்படும். டயாலிசிஸ் மாறாமல் அப்படிக் குறைந்தால் எடையையும் கைப்பிடி பலத்தையும் பார்க்க வேண்டும், அது நல்ல செய்தியாக இல்லாமல் போகலாம்.

விந்தணு பக்கமும் சொல்ல வேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு விந்தணு எண்ணிக்கையும் அசைவும் குறையும், சிலருக்கு விந்தணுவே இல்லாமல் போகும். குழாய்களுக்குள் விந்தணு பாதி வளர்ச்சியிலேயே நின்றுவிடுவதைத் திசுப் பரிசோதனையில் பார்த்திருக்கிறார்கள். எஃப்.எஸ்.எச். மிக அதிகமாக இருந்தால் குழாய்கள் ஆழமாகச் சேதமடைந்திருக்கின்றன என்று அர்த்தம், அவர்களுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்த பிறகும் மீள்வது கடினம். சுமாராக இருந்தால் வாய்ப்பு நன்றாக உண்டு. அதனால்தான் உங்கள் ரிப்போர்ட்டில் இல்லாத அந்த எஃப்.எஸ்.எச். எண் எனக்கு முக்கியம். சிறுநீரக நோய்க்காக அவருக்கு முன்பு எப்போதாவது சைக்ளோபாஸ்பமைடு கொடுத்திருந்தார்களா என்றும் பழைய ஃபைலில் பாருங்கள். அந்த மருந்து விந்தணு உருவாகும் செல்களையே அழிக்கக்கூடியது.

இப்போது ஊசிக்கு வருவோம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டீரோன் ஏற்றினால் ரத்தத்தில் அளவு கூடும், மூளை "இருக்கிறதே" என்று எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்தும். விந்தணு வளர விரைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டீரோன் ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு, அதை லேடிக் செல் அங்கேயே சுரந்தால்தான் கிடைக்கும். எல்.எச். நின்றால் அது வற்றும், விந்தணு சில மாதங்களில் பூஜ்யத்துக்கு இறங்கலாம். ஆண்களுக்கான கருத்தடை முறையாக இதே ஊசியை உலக சுகாதார நிறுவனமே சோதித்துப் பார்த்திருக்கிறது. குழந்தைக்கு ஏங்கும் ஒரு தம்பதிக்கு இதை யாரோ சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

குழந்தை திட்டம் இல்லாதவர்களுக்கு, அளவு உறுதியாகக் குறைந்திருந்து தொந்தரவும் இருந்தால், நிபுணரின் கண்காணிப்பில் கொடுக்கலாம். ஆனால் உப்பும் நீரும் தேங்கும், டயாலிசிஸ் இடையில் எடை கூடுபவருக்கு இது சிரமம். எரித்ரோபாய்ட்டினோடு சேர்ந்து ரத்தம் தடித்துப் போகலாம், டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் ஃபிஸ்டுலா அடைபடும் பயம் உண்டு. 2023இல் வெளியான டிராவர்ஸ் என்ற பெரிய ஆய்வில், இதய நோய் ஆபத்துள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் கூடவில்லை என்று தெரிந்தது ஆறுதல். ஆனால் இதயத்துடிப்புக் கோளாறு, நுரையீரலில் ரத்தக்கட்டி, திடீர் சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை சற்று கூடுதலாக வந்தன.

உங்கள் கணவருக்கு என் வரிசை வேறு. டயாலிசிஸ் முழுதாகக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாரம் மூன்று முறை, முறைக்கு 4 மணி நேரம் என்றாலே வாரத்தின் 168 மணி நேரத்தில் 12 மணி நேரம்தான் சுத்திகரிப்பு. பஸ்ஸைப் பிடிக்க அரை மணி முன்னாடியே கழற்றிவிடுங்கள் என்று கேட்பவர்கள் நிறைய, அந்த அரை மணி பெரிய இழப்பு. இரவு முழுக்க நீண்ட நேரம் டயாலிசிஸ் செய்தவர்களிடம் புரோலாக்டின் குறைந்து டெஸ்டோஸ்டீரோன் ஏறியதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் ஹீமோகுளோபின், அதைச் சரிசெய்தாலே சோர்வும் நாட்டமும் பலருக்குக் கொஞ்சம் தேறும். பாராதைராய்டு ஹார்மோன், சர்க்கரை, மருந்துப் பட்டியல். மனச்சோர்வு இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும், டயாலிசிஸில் அது மிகச் சகஜம். துத்தநாகம் சிலருக்கு உதவலாம், ஆய்வு முடிவுகள் இரு பக்கமும் இருக்கின்றன, ரத்தத்தில் குறைவு இருந்தால் மட்டும் கொடுப்பேன். புரோலாக்டினைக் குறைக்கும் புரோமோகிரிப்டின் வேலை செய்யும், ஆனால் டயாலிசிஸில் ஏற்கெனவே விழும் பிரஷர் இன்னும் விழும் என்பதால் யோசித்துத்தான் கொடுப்பார்கள்.

விறைப்புக் குறைவுக்கு சில்டெனாஃபில் டயாலிசிஸ் நோயாளிகளிடமும் நன்றாக வேலை செய்கிறது. 25 மில்லிகிராமில் தொடங்க வேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் அல்லது வேறு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் இதைத் தொடவே கூடாது, பிரஷர் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு இறங்கிவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் விஷயம் இல்லை. டயாலிசிஸ் முடிந்த அன்று வேண்டாம்.

ஆண்மைக்கு என்று விற்கும் லேகியம், பஸ்பம் பக்கம் போகவே வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். தரம் பார்க்காமல் விற்கப்படும் சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருந்தது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது, அவற்றை வெளியேற்ற அவருக்குச் சிறுநீரகம் இல்லை. மிச்சமிருக்கும் கொஞ்சம் சிறுநீரும் நின்றுவிடும்.

உண்மையில் இந்த அச்சைத் திருப்பி நிமிர்த்துவது மாற்றுச் சிறுநீரகம்தான். 1971இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது, இன்று தமிழ்நாட்டில் இறந்தவர்களின் உறுப்பு தானத்துக்கு அரசின் டிரான்ஸ்டான் வழியாகப் பதிவு செய்து காத்திருக்கலாம். புதுச் சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கிய சில மாதங்களிலேயே புரோலாக்டின் இறங்கும், டெஸ்டோஸ்டீரோன் ஏறும். விந்தணு மெதுவாக, ஆண்டுக் கணக்கில் தேறும், எல்லோருக்கும் முழுதாகத் தேறும் என்று சொல்ல முடியாது. எத்தனை ஆண்டு டயாலிசிஸில் இருந்தார் என்பதும் இதைத் தீர்மானிக்கும், ஆகவே பதிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாற்று நடக்கும்போது ஒரு வார்த்தை மருத்துவரிடம் சொல்லிவையுங்கள்: குழந்தைக்கு ஆசைப்படுகிறோம் என்று. புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகளில் சிரோலிமஸ், எவெரோலிமஸ் வகை டெஸ்டோஸ்டீரோனையும் விந்தணுவையும் குறைக்கும், டாக்ரோலிமஸ் அந்த அளவுக்குச் செய்யாது. முன்கூட்டித் தெரிந்தால் அதற்கேற்ப மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள். இதே வேலைக்கு மைக்கோபினோலேட் எடுப்பவர், குழந்தைக்குத் திட்டமிடும் முன் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இந்த மாதமே ஒரு விந்துப் பரிசோதனை செய்துவிடுங்கள். கொஞ்சமாவது உயிருள்ள விந்தணு இருந்தால் உறைய வைத்துச் சேமிக்கலாம். ஒரு கருமுட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்தும் இக்ஸி முறைக்குச் சிலவே போதும். உங்கள் வயதையும் கருமுட்டை இருப்பையும் அதே நாளில் பார்த்துக்கொண்டால், காத்திருக்க எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். எஃப்.எஸ்.எச்., காலை டெஸ்டோஸ்டீரோன், விந்துப் பரிசோதனை மூன்றும் வந்ததும் மாத்திரைப் பட்டியலோடு சேர்த்து எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.